தப்பு யார் மேல? - சைக்கிள், கார், கொஞ்சம் சட்ட வரலாறு

2023-ல எட்டு மாசம் நெதர்லாந்துல உட்ரெக்ட் நகரத்துல ஆன்சைட்ல இருந்தேன். அந்த ஊருக்குப் போனா எல்லாரும் செய்யுற முதல் காரியத்தை நானும் செஞ்சேன். ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கினேன். பிரேக் கையில கிடையாது, பெடலைப் பின்னாடி மிதிச்சாதான் நிக்கும். அது தெரியாம முதல் நாளே ஒரு பூக்கடைக்குள்ள போகப் பார்த்தேன், அது தனிக் கதை.

ரெண்டாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம், ஏதோ யோசனையில ஒரு தெருவுல திரும்பும்போது நம்மூர்ப் பழக்கத்துல இடது பக்கமா ஏறிட்டேன். அங்க எல்லாம் வலது பக்கம்தான். எதிர்ல ஒரு கார். அந்த மனுஷன் பிரேக் போட்டு, ஒரு முழம் இடைவெளியில நின்னார். நான் மனசுக்குள்ள தயாராயிட்டேன். கண்ணாடி இறங்கும், "வீட்ல சொல்லிட்டு வந்தியா"ங்கிறதுக்கு டச்சு மொழியில என்னன்னு இன்னிக்குத் தெரிஞ்சுக்கப் போறோம்னு நினைச்சேன். ஒண்ணும் நடக்கலை. கையை மட்டும் ஆட்டி "அந்தப் பக்கம் போ"ன்னு காட்டிட்டுப் போயிட்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல (ரெண்டு ரொட்டி, நடுவுல ஒரு சீஸ் துண்டு, அதுக்குப் பேர் சாப்பாடு!) கூட வேலை பார்க்கிற டச்சுக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, "பயப்படாதே, இங்க காரும் சைக்கிளும் மோதினா எப்பவும் கார்மேலதான் தப்பு. சட்டமே அப்படித்தான்" அப்படின்னார்.

எனக்கு ரொட்டி இறங்கலை. எங்க சித்தப்பா ஞாபகம் வந்துருச்சு.

2006. பாபநாசம் பக்கம், தஞ்சாவூர் - கும்பகோணம் ரோடு. சித்தப்பா ஒரு ரைஸ் மில்லுல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தார். ராத்திரி ஏழரை மணிக்கு சைக்கிள்ல வீட்டுக்கு வரும்போது, எங்க தெருவுக்குத் திரும்புற இடத்துல ஒரு கார் அடிச்சுருச்சு. டைனமோ ரெண்டு மாசமா வேலை செய்யலை, அதனால சைக்கிள்ல லைட் இல்லை. திரும்பும்போது பின்னாடி பார்த்தாரா இல்லையான்னு அவருக்கே ஞாபகம் இல்லை. கார் என்ன வேகத்துல வந்துச்சுன்னு யாரும் கேட்கவும் இல்லை. கூட்டம் கூடுச்சு. அங்கேயே தீர்ப்பும் ஆச்சு: "லைட் இல்லாம வந்தது உங்க ஆளுதானே?" காரோட்டி வந்தவர் ஆஸ்பத்திரி செலவுக்குன்னு 2000 ரூபாய் கொடுத்தார். தாத்தா வாங்கிக்கிட்டு, கும்பிடு போட்டு அனுப்பி வெச்சார். போலீஸ், கேஸ் எதுவும் கிடையாது. சித்தப்பாவோட இடது முழங்கால் அதுக்கப்புறம் மடங்கவே இல்லை. இன்னிக்கும் காலை நீட்டிக்கிட்டுத்தான் உட்காருவார்.

அப்ப எனக்கு ஒன்பது வயசு. "லைட் இல்லை, அதனால தப்பு நம்ம மேல" அப்படிங்கிற கணக்கு எனக்கும் அப்ப சரியாத்தான் பட்டுச்சு. அதனால, டச்சு நண்பர் சொன்னது நிஜமான்னு பார்க்கணும்னு தோணுச்சு. நான் வக்கீல் இல்லை மக்களே. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிச்சுட்டு ஜாவா எழுதிப் பொழைக்கிறவன். ஆனா ஒரு பிழையைத் துரத்த ஆரம்பிச்சா விடுற ஆளும் இல்லை. துரத்தினதுல கிடைச்சது கீழே.

முதல்ல, நண்பர் சொன்னது அப்படியே சரியில்லை. "எப்பவும் கார்மேல தப்பு"ன்னு எந்த டச்சுச் சட்டமும் சொல்லலை. சைக்கிள்காரர் செத்தாக்கூட, ஓட்டினவர் தப்பு செஞ்சார்னு அரசாங்கம் நிரூபிக்காம அவரை ஜெயில்ல போட முடியாது. குற்ற வழக்கு வேற, நஷ்ட ஈட்டு வழக்கு வேற. நாம பேசப்போறது ரெண்டாவதைப் பத்தி மட்டும்தான்: அடிபட்டவனோட ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுறது? இந்தக் கேள்விக்கு மனுஷங்க பதில் சொன்ன விதம் இருக்கே, அது காருக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது.

1809, இங்கிலாந்து, டெர்பி நகரம். ஃபாரெஸ்டர்னு ஒருத்தர் வீட்டை மராமத்து பண்ணுறதுக்காக ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டு வெச்சார். ஆகஸ்ட் மாசம், ராத்திரி எட்டு மணி, கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கு. பட்டர்ஃபீல்டுங்கிறவர் சாராயக்கடையில இருந்து கிளம்பி, குதிரையை வெறித்தனமா விரட்டிக்கிட்டு வந்து கம்பத்துல மோதி விழுந்தார். ரோட்டுக்குக் குறுக்கே கம்பம் போட்டது தப்புதான். ஆனா வழக்கு என்னாச்சு? பட்டர்ஃபீல்டுக்கு ஒரு பைசா இல்லை. "நீ ஒழுங்கா வந்திருந்தா கம்பம் கண்ணுல பட்டிருக்கும்." அவ்வளவுதான். அடிபட்டவன் பக்கம் துளி கவனக்குறைவு இருந்தாலும் மொத்த நஷ்ட ஈடும் போச்சுங்கிறது இங்கிலீஷ் சட்டத்துல அப்படி உட்கார்ந்துச்சு. எங்க தெருமுனையில 2006-ல கூடின கூட்டம் சொன்ன தீர்ப்பும் அச்சு அசலா இதேதான். அவங்க யாரும் டெர்பி பக்கம் போனதில்லை.

இது ரொம்பக் கொடூரமா இருக்குன்னு இங்கிலீஷ் நீதிபதிகளுக்கே தோணியிருக்கும் போல. 1842-ல ஒரு கழுதை வந்து காப்பாத்துச்சு. ஒருத்தர் தன் கழுதையோட முன்னங்காலைக் கட்டி ரோட்டோரம் மேய விட்டிருந்தார். சரிவுல வேகமா இறங்கின ஒரு குதிரை வண்டி அதை ஏத்திக் கொன்னுருச்சு. கழுதையை ரோட்டுல விட்டது தப்பு. ஆனாலும் நீதிமன்றம் கழுதைக்காரர் பக்கம் நின்னுச்சு: கால் கட்டின கழுதையால விலக முடியாது, வண்டிக்காரனால விலக்கியிருக்க முடியும், அதனால அவன்தான் பொறுப்பு. கடைசி நிமிஷத்துல விபத்தைத் தவிர்க்கிற வாய்ப்பு யார் கையில இருந்துச்சுங்கிறது கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் முழுசா ஒருத்தருக்கு, இல்லேன்னா முழுசா இன்னொருத்தருக்குங்கிற கதை 1945 வரைக்கும் ஓடுச்சு. அந்த வருஷம் வந்த சட்டத்துக்கு அப்புறம்தான் இங்கிலாந்துல "நீ 30, அவன் 70"னு தப்பைப் பங்கு போட்டுக் கொடுக்க ஆரம்பிச்சாங்க.

கவனிச்சீங்களா? இங்கிலாந்து இவ்வளவு தூரம் வந்தும் கேள்வி மாறலை. தப்பு யார் மேல, எவ்வளவு? அதைக் காட்ட வேண்டிய பொறுப்பும் அடிபட்டவன் தலையில. மயக்கம் போட்டுக் கிடந்தவன்தான் கார் என்ன வேகத்துல வந்துச்சுன்னு நிரூபிக்கணும்!

வேற கேள்வி கேட்டது ஜெர்மன்காரங்க. அதுவும் காருக்காக இல்லை, ரயிலுக்காக. 1838-ல பெர்லினுக்கும் போட்ஸ்டாமுக்கும் நடுவுல பிரஷ்யாவோட முதல் ரயில் பாதை திறந்தாங்க. அதே வருஷம் நவம்பர் 3-ஆம் தேதி ரயில்வே சட்டம் போட்டாங்க. அதோட 25-ஆவது பிரிவு சொன்னது இது: ரயில் ஓட்டத்தால ஆளுக்கோ சரக்குக்கோ சேதம் வந்தா கம்பெனி கொடுக்கணும். அடிபட்டவனோட சொந்தத் தப்பாலதான் நடந்துச்சு, இல்லை தவிர்க்கவே முடியாத வெளிக் காரணத்தால நடந்துச்சுன்னு கம்பெனி நிரூபிச்சாத்தான் தப்பிக்கலாம். அதாவது நிரூபிக்கிற சுமையைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுட்டாங்க.

ஏன்? தினமும் ஆயிரம் வேலை சரியா நடந்தாலும், இவ்வளவு எடையுள்ள இரும்பை இவ்வளவு வேகத்துல ஓட்டினா என்னிக்காவது யாராவது அடிபடுவான். அந்த ஆபத்தை ஊருக்குள்ள கொண்டு வந்தவன் கம்பெனி, அதுல லாபம் பார்க்கிறவனும் கம்பெனி. அப்ப செலவையும் அவனே தாங்கட்டும். இதுல கம்பெனி கெட்டவன்னு யாரும் சொல்லலை. கேள்வி "தப்பு யார் மேல"ங்கிறதுல இருந்து "ஆபத்தைக் கொண்டு வந்தது யாரு"ங்கிறதுக்கு நகர்ந்துருச்சு. நான் இந்த மேட்டரைத் துருவினதுல எனக்குக் கிடைச்ச பெரிய விஷயம் இதுதான். 1909-ல ஜெர்மனி கார்களுக்குச் சட்டம் போடும்போது இதே யோசனையை ரயில்ல இருந்து இறக்கி கார்ல ஏத்துனாங்க. காரை வெச்சிருக்கிறவர் பொறுப்பு. தவிர்க்க முடியாத நிகழ்வுன்னு அவர் காட்டினா விலக்கு.

இப்ப நெதர்லாந்து. 1905-ல அவங்க போட்ட முதல் சட்டத்துக்குப் பேரே "மோட்டார் மற்றும் சைக்கிள் சட்டம்". ரெண்டையும் ஒரே தொழுவத்துல கட்டுனாங்க. ரெண்டுமே அப்ப ரோட்டுக்குப் புதுசு, ரெண்டுமே குதிரையை மிரட்டுற பிசாசு. 1924-ல அந்தச் சட்டத்தைத் திருத்தினப்பதான் 25-ஆவது பிரிவா நம்ம விஷயம் உள்ள வருது: மோட்டார் வண்டியால மத்தவங்களுக்குச் சேதம் வந்தா, வண்டியை வெச்சிருக்கிறவர் கொடுக்கணும். "ஓவர்மாக்ட்" அப்படின்னு அவர் நிரூபிச்சாத் தவிர. ஓவர்மாக்ட்னா தன் சக்திக்கு மீறினதுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல "தெய்வச் செயல்"னு சொல்லித் தப்பிக்கிறோமே, அது மாதிரி. ஆனா டச்சு நீதிபதிகள் தெய்வத்தை அவ்வளவு சுலபமா சாட்சிக் கூண்டுல ஏத்தலை.

ஒரு சின்ன இடைச்செருகல். அதே 1924-லதான் அந்த நாட்டுல சைக்கிளுக்கு வரி போட்டாங்க. வருஷத்துக்கு 3 கில்டர். கட்டினதுக்கு அடையாளமா ஒரு உலோக வில்லை கொடுப்பாங்க, அதைச் சைக்கிள்ல மாட்டணும். வேலையில்லாதவங்களுக்கு 1930-கள்ல இலவசமா கொடுத்தாங்க, ஆனா நடுவுல ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தாங்க. ஓட்டை வில்லையைப் பார்த்தா தெருவே தெரிஞ்சுக்கும், இவன் வேலையில்லாதவன்னு. எங்க தாத்தா காலத்துல நம்ம முனிசிபாலிட்டியும் சைக்கிளுக்கு வில்லை கொடுத்துச்சு, இல்லேன்னா பிடிச்சு வெச்சுக்குவாங்கன்னு அவர் சொல்லிக் கேட்டிருக்கேன். ஓட்டை போடுற யோசனை நம்மாளுங்களுக்கு வரலை, சந்தோஷம். இதை ஏன் சொல்றேன்னா, 1924 நெதர்லாந்து ஒண்ணும் சைக்கிள்காரனைத் தலையில தூக்கி வெச்சு ஆடின நாடு இல்லை. ஒரு கையில வரி வாங்கிக்கிட்டு இன்னொரு கையிலதான் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தாங்க. காரணம் சைக்கிள் மேல பாசம் இல்லை. கார் ஒரு ஆபத்துங்கிற ரயில் காலத்து லாஜிக்தான்.

அந்தப் பிரிவு அப்புறம் ரெண்டு தடவை வீடு மாறுச்சு. 1935-ல எழுதி 1951-ல அமலுக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல 31-ஆவது பிரிவு. 1995 ஜனவரி 1 முதல் இப்ப இருக்கிற சட்டத்துல 185-ஆவது பிரிவு. ரெண்டு கார் மோதிக்கிட்டா இது பொருந்தாது, அதுக்கு வழக்கமான சட்டம்தான். எதிர்ல இருக்கிறவன் நடந்தோ சைக்கிள்லயோ வந்திருக்கணும்.

ஆனா சுவாரசியம் பிரிவுல இல்லை, நீதிபதிகள் அதை இழுத்த இழுப்புல இருக்கு. 1942-ல ஒரு வழக்கு. வண்டியில பழுது இருந்துச்சு, எனக்கு எப்படித் தெரியும், இது என் சக்திக்கு மீறினதுன்னு உரிமையாளர் வாதம். செல்லாதுன்னுட்டாங்க. வண்டி உன்னோடது, அதோட பழுதும் உன்னோடது. அப்புறம் 1992-ல இன்னும் இறுக்கினாங்க: ஓட்டினவர் மேல சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாதுன்னு காட்டினாத்தான் ஓவர்மாக்ட். சைக்கிள்காரன் தப்பு பண்ணான்னு சொன்னா மட்டும் போதாது. அப்படி ஒருத்தன் பண்ணுவான்னு ஓட்டுறவர் கனவுலயும் எதிர்பார்க்க வேண்டியதில்லைங்கிற அளவுக்கு அது அபூர்வமா இருக்கணும். சைக்கிள்காரன் சிக்னல் மதிக்க மாட்டான், லைட் இல்லாம வருவான், தப்பான பக்கம் வருவான் (ஹிஹி). இதெல்லாம் ரோட்டுல தினசரி நடக்கிறது. எதிர்பார்த்துத்தான் ஓட்டணும்.

அடுத்ததுதான் முக்கியம். ஓவர்மாக்ட் இல்லைன்னு ஆயிருச்சு, சரி. ஆனா அடிபட்டவன் பக்கமும் தப்பு இருந்தா அந்த அளவுக்குக் கழிச்சுக்கலாம்ல? கழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. 1990 ஜூன் 1-ஆம் தேதி டச்சு உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டுச்சு: அடிபட்டது 14 வயசு நிரம்பாத பிள்ளையா இருந்தா ஒண்ணும் கழிக்கக் கூடாது. நூத்துக்கு நூறு. வேணும்னே செஞ்சான், இல்லை வேணும்னே செஞ்சதுக்குச் சமமான அசட்டுத் துணிச்சல்னு காட்டினா ஒழிய. பிள்ளைங்கன்னா யோசிக்காம ஓடத்தான் செய்யும், அதுங்க மேல தப்பைக் கட்டக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. 1992 பிப்ரவரி 28-ல இன்னொரு கோடு: 14-ம் அதுக்கு மேலயும் இருந்தா, அவன் தப்பு எவ்வளவு பெருசா இருந்தாலும் குறைஞ்சது பாதி. அதுக்கு மேல எவ்வளவுங்கிறது தப்பைப் பொறுத்து.

ஆக, 30 வயசு ஆள் ஒருத்தன் சிவப்பு சிக்னல்ல புகுந்து அடிபட்டான்னு வைங்க. தப்புல முக்கால்வாசி அவனோடதுன்னு தெரிஞ்சாலும் அவனுக்குப் பாதி வந்துரும். இந்த 14-ம் சரி, 50-ம் சரி, சட்டப் புத்தகத்துல எங்க தேடினாலும் கிடைக்காது. முழுக்க முழுக்க நீதிபதிகள் எழுதினது. எங்க நண்பர் சொன்ன "எப்பவும் கார்மேல தப்பு" இந்த ரெண்டு தீர்ப்போட தெருமுனைச் சுருக்கம்.

"பாவம் கார்காரர்"னு யாருக்காவது தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா பணம் அவர் பாக்கெட்ல இருந்து போகலை. 1965-ல இருந்து அங்க எல்லா மோட்டார் வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். கார் வெச்சிருக்கிற எல்லாரும் வருஷா வருஷம் கட்டுற பிரீமியத்துல இருந்து போகுது. நிஜத்துல இந்தச் சட்டம் ஓட்டுநரைத் தண்டிக்கலை. கார் ஓட்டுறதால ஊருக்கு ஆகுற செலவைக் கார் ஓட்டுறவங்க கூட்டா கட்டுறாங்க, அவ்வளவுதான்.

இன்னொரு கட்டுக்கதையும் இருக்கு. இந்தச் சட்டம் இருக்கிறதாலதான் டச்சுக்காரங்க தைரியமா சைக்கிள் ஓட்டுறாங்கன்னு நிறைய பேர் எழுதுறாங்க. தேதியை வரிசையா வெச்சுப் பார்த்தா இது நிக்காது. சட்டம் வந்தது 1924. கார் பெருகப் பெருக, 1950-களுக்கு அப்புறம் சைக்கிள் ஓட்டுறது அங்கேயும் சரிஞ்சுக்கிட்டே வந்துச்சு. 1971-ல மட்டும் சாலை விபத்துல 3,000-க்கு மேல செத்தாங்க, அதுல 400-க்கு மேல குழந்தைங்க. சட்டம் அப்பவும் புத்தகத்துல அப்படியேதான் இருந்துச்சு. விக் லாங்கென்ஹோஃப்ங்கிற பத்திரிகையாளர், விபத்துல தன் மகளைப் பறிகொடுத்தவர், 1972-ல "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்"னு தலைப்பு வெச்சு எழுதினார். அது ஒரு இயக்கமாச்சு. பெத்தவங்க ரோட்டுல உட்கார்ந்தாங்க. 1975-ல சைக்கிள் ஓட்டுறவங்க தனியா சங்கம் ஆரம்பிச்சாங்க. 1976-ல கார் நடக்கிற வேகத்துல மட்டும் போகலாம்ங்கிற குடியிருப்புத் தெருக்களுக்குச் சட்ட அங்கீகாரம் வந்துச்சு. உயிரைக் காப்பாத்தினது தனிப் பாதையும், திருப்பத்துல மேடும், வேகக் கட்டுப்பாடும்தான். நஷ்ட ஈட்டுச் சட்டம் யாரையும் பிழைக்க வைக்காது. பிழைச்சவன் குடும்பம் நடுத்தெருவுக்கு வராம பார்த்துக்கும். ரெண்டும் ரெண்டு வேலை.

பிரான்ஸ் கதையை வேகமா சொல்லிடறேன். 1925-ல பெல்ஃபோர்ட் நகரத்துல ஒரு லாரி சின்னப் பொண்ணை அடிச்சுது. 1930 பிப்ரவரி 13-ல அவங்க உச்ச நீதிமன்றம் 1804-ஆம் வருஷத்து நெப்போலியன் சட்டத்துல இருந்து ஒரு வரியைத் தேடி எடுத்து, தன் பொறுப்புல இருக்கிற பொருள் சேதம் பண்ணா அவன்தான் பொறுப்புன்னு லாரிக்காரர் தலையில வெச்சுது. நெப்போலியன் லாரியைப் பார்த்தாரா என்ன! 1985 ஜூலை 5-ல நீதித்துறை அமைச்சர் பதான்தேர் பேர்ல தெளிவா சட்டமே வந்துருச்சு. இவர்தான் 1981-ல அங்க மரண தண்டனையை ஒழிச்ச மனுஷன். அந்தச் சட்டப்படி, மன்னிக்கவே முடியாத தப்பு, அதுவும் விபத்துக்கு ஒரே காரணம் அதுதான்னு காட்டினாத்தான் நடந்து போறவருக்கும் சைக்கிள்காரருக்கும் நஷ்ட ஈட்டை மறுக்கலாம். 16 வயசுக்குக் கீழயும் 70 வயசுக்கு மேலயும் அதுகூடக் கிடையாது. தானே தேடிப்போய் விழுந்தாத்தான் மறுப்பு.

இங்கிலாந்து மட்டும் இன்னும் தப்பைத் தராசுல நிறுத்துக்கிட்டு இருக்கு. 2004 ஜனவரியில ஸ்காட்லாந்துல ஸ்கூல் மினி பஸ்ஸை விட்டு இறங்கின 13 வயசுப் பொண்ணு, பஸ்ஸுக்குப் பின்னாடி இருந்து ரோட்டைக் கடக்கும்போது கார் அடிச்சுது. முதல் நீதிபதி: தப்பு 90 சதவீதம் பொண்ணோடது. மேல்முறையீடு: 70. பதினோரு வருஷம் கழிச்சு 2015-ல உச்ச நீதிமன்றம்: 50. மூணு கோர்ட்டு, மூணு நம்பர். அதே பொண்ணு, அதே ரோடு. உட்ரெக்ட்டா இருந்திருந்தா 14 வயசு ஆகலை, நூறு, கேஸ் முடிஞ்சது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சித்தப்பா காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

நம்ம 1939 மோட்டார் வாகனச் சட்டம் வெள்ளைக்காரன் எழுதினது, அதனால இங்கிலாந்து தராசும் கூடவே வந்துருச்சு. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 1946 ஜூலை 1-லயே கட்டாயம் ஆச்சு, டச்சுக்காரங்களுக்கு 19 வருஷம் முன்னாடி! ஆனா இன்ஷூரன்ஸ் பணம் இருந்தும், ஓட்டினவர் கவனக்குறைவை நிரூபிச்சாத்தான் கையில வரும். 1977-ல உச்ச நீதிமன்றமே அதைத் திரும்ப உறுதி பண்ணுச்சு. நீதிபதி கிருஷ்ணய்யர் மாதிரி ஆளுங்க, தப்பை நிரூபிக்காமலே நஷ்ட ஈடு கிடைக்கணும்னு தீர்ப்புகள்லயே எழுதிக்கிட்டு இருந்தாங்க. 1980-ல சட்ட ஆணையமும் அதைத்தான் சொல்லுச்சு. கடைசியா 1982 அக்டோபர் 1-ல 92-ஏ பிரிவு வந்துச்சு: தப்பு யார் மேல இருந்தாலும், செத்தா 15,000 ரூபாய், நிரந்தர ஊனம்னா 7,500. 1988 புதுச் சட்டத்துல இது 140-ஆவது பிரிவாகி 25,000-ம் 12,000-ம் ஆச்சு. 1994-ல 50,000, 25,000.

இதைப் படிச்சப்ப நான் உட்ரெக்ட் லைப்ரரியில இருந்தேன். அந்த 140-ஆவது பிரிவை நாலு தடவை படிச்சேன். அடிபட்டவனோட தப்பைக் காரணம் காட்டி மறுக்கவும் கூடாது, குறைக்கவும் கூடாதுன்னு அதுல தெளிவா எழுதியிருக்கு. ஒரு மூட்டு நிரந்தரமா செயல் இழந்தா அது நிரந்தர ஊனம்னும் எழுதியிருக்கு.

2006-ல எங்க சித்தப்பாவுக்கு 25,000 ரூபாய் வர வேண்டியது. லைட் இல்லாட்டியும். பின்னாடி பார்க்காட்டியும். அது போக, கார் வேகமா வந்துச்சுன்னு காட்ட முடிஞ்சிருந்தா அதுக்கு மேலயும் கேட்டிருக்கலாம். போலீஸ்ல பதிவு பண்ணி, டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கி, தீர்ப்பாயத்துல ஒரு மனு. எங்க தெருவுல ரெண்டு வாத்தியார், ஒரு தாசில்தார் ஆபீஸ் கிளார்க் இருந்தாங்க. ஒருத்தருக்கும் தெரியலை. தெரிஞ்சவர் யாராவது அந்தக் கூட்டத்துல நின்னாரான்னும் தெரியலை.

இதைவிட வயித்தெரிச்சல் ஒண்ணு இருக்கு. மனு போட 1994 வரைக்கும் கெடு இருந்துச்சு. அந்த வருஷத் திருத்தத்துல கெடுவையே எடுத்துட்டாங்க. எப்ப வேணாலும் போடலாம்னு ஆச்சு. 2019 திருத்தம்தான் ஆறு மாசக் கெடுவைத் திரும்பக் கொண்டு வந்துச்சு, அது அமலுக்கு வந்தது 2022 ஏப்ரல் 1. அதாவது நான் ஸ்கூல் முடிச்சு, காலேஜ் முடிச்சு, வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கினப்பக்கூட அந்தக் கதவு திறந்துதான் இருந்துச்சு. சாட்சி, காகிதம் இல்லாம அவ்வளவு வருஷம் கழிச்சு ஜெயிக்கிறது கஷ்டம்தான். ஆனா கேட்டாவது பார்த்திருக்கலாம். நான் 2023-ல படிக்கிறேன்! (அதே 2019 திருத்தத்துல பழைய 140-ஐ எடுத்துட்டு 164-ஆவது பிரிவு போட்டாங்க. தப்பை நிரூபிக்காம, செத்தா 5 லட்சம், பலத்த காயம்னா 2.5 லட்சம். உங்க தெருவுல யாருக்காவது தேவைப்படும், ஞாபகம் வெச்சுக்கோங்க. கெடு இருக்கு, உடனே ஒரு வக்கீலைப் பாருங்க.)

அன்னிக்கு ராத்திரியே சித்தப்பாவுக்குப் போன் பண்ணேன். பிரஷ்யா, கழுதை, 1924 எல்லாம் சொன்னேன். 25,000 விஷயமும் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. லைன் கட்டாயிருச்சோன்னு பார்த்தேன்.

"அப்ப 25,000 இருந்திருந்தா தங்கச்சி கல்யாணத்துக்கு மாடு ரெண்டை வித்திருக்க வேண்டாம்" அப்படின்னார். அப்புறம் அவரே, "இருந்தாலும் தம்பி, லைட் இல்லாம வந்தது நான்தானே" அப்படின்னார்.

அரை மணி நேரம் திரும்பவும் விளக்கினேன். யார் மேல தப்புங்கிறது கேள்வியே இல்லை சித்தப்பா, ஆபத்தான பொருளை ரோட்டுக்குக் கொண்டு வந்தது யாருங்கிறதுதான் கேள்வின்னேன். பொறுமையா கேட்டார். எல்லாம் கேட்டு முடிச்சுட்டு, "அது சரி, அந்த ஊர்ல ராத்திரி சைக்கிளுக்கு லைட் கட்டாயமா?" அப்படின்னார்.

"ஆமா சித்தப்பா. இல்லேன்னா போலீஸ் ஃபைன் போடுவாங்க."

"பாத்தியா" அப்படின்னுட்டு போனை வெச்சுட்டார்.